கந்தப்பன் நிரப்பாத கட்டம்

வீரம்மா பிறந்த வீட்டுக் கோடி இல்லாமல் போய்ச் சேர்ந்தாள். அவள் புருஷன் செல்லசாமி எந்தப் பேச்சை ஆரம்பித்தாலும் கடைசியில் இந்த இடத்தில் வந்துதான் முட்டிக்கொள்வான். சம்பளத்தைப் பற்றிப் பேசினாலும் சரி, மழையைப் பற்றிப் பேசினாலும் சரி, கொஞ்ச நேரத்தில் அவன் வாய் ஒரு பக்கமாகக் கோணும். "எல்லாம் சரியாத்தான் நடந்துச்சு. கோடி மட்டும் விழல" என்பான். கேட்டவர்கள் எழுந்து போய்விடுவார்கள். எத்தனை தடவைதான் கேட்பது?

தேயிலைத் தோட்டத்தில் ஒரு வழக்கம் உண்டு. வாழ வந்த வீட்டில் ஒரு பெண் செத்துப்போனால், அவள் கூடப் பிறந்தவன் புதுச் சேலை வாங்கி வந்து அவள் மேல் போர்த்த வேண்டும். அதுதான் கோடி. வேறு யார் எத்தனை சேலை போட்டாலும் அது கணக்கில் வராது. இவளுக்கும் ஆள் இருந்தது என்று ஊருக்குச் சொல்லுகிற சேலை அந்த ஒன்றுதான். வீரம்மாவுக்குக் கூடப் பிறந்தவன் கிடையாது. உடப்புசல்லாவைப் பக்கத்துத் தோட்டத்திலிருந்து ஒற்றைப் பிள்ளையாக வந்தவள். ஆனால் லயத்து வரிசை வீடுகளில் பக்கத்துக் காம்பராவில் தனியாகக் குடியிருந்த கந்தப்பன் அவளைத் தங்கச்சி என்றுதான் கூப்பிடுவான். அவளும் வாய் நிறைய அண்ணே என்பாள். அதனால் கோடி கந்தப்பன் கையால் விழும் என்று லயமே காத்துக்கொண்டிருந்தது.

அவன் வரவில்லை. விடிந்தும் விடியாமலும் குடையைத் தூக்கிக்கொண்டு பஸ் ரோட்டுக்கு இறங்கிப் போனதைப் பார்த்தவர்கள் இருந்தார்கள். வானம் கறுத்துக்கொண்டு வந்தது. மழை பிடித்துவிட்டால் குழிக்குள் தண்ணீர் நிற்கும் என்று பயந்து, உச்சி வேளைக்கு முன்னாலேயே தூக்கிவிட்டார்கள். தோட்டத் தலைவர் கடையில் ஒரு சேலையை எடுப்பித்து, அதே லயத்துப் பேச்சியம்மாவின் புருஷன் கையில் கொடுத்துப் போடச் சொன்னார். அந்த ஆளுக்கும் வீரம்மாவுக்கும் ஒரு சொந்தமும் இல்லை. வெட்கப்பட்டுக்கொண்டே போட்டான்.

இருட்டும் நேரத்தில் கந்தப்பன் வந்தான். தண்ணீர் கொட்டும் பீலிக் கரையில் கை கால் கழுவினான். கதவைச் சாத்திக்கொண்டான். எழவு வீட்டுப் பக்கம் எட்டிக்கூடப் பார்க்கவில்லை.

"இனிமே அவன் வாசப்படிய நான் மிதிச்சா என்னைச் செருப்பால அடி" என்றான் செல்லசாமி, மகன் தனுஷனிடம்.

"சரிப்பா" என்றான் தனுஷன். கருமாதி முடிந்ததும் அவன் கொழும்புக்கு, வேலை பார்க்கிற கடைக்குப் போய்விட்டான். அதற்குப் பிறகு அடிக்கவும் ஆளில்லை, பேசவும் ஆளில்லை.

கந்தப்பன் கொழுந்து மலையில் வேலை பார்த்தவன் இல்லை. தோட்டத்துத் தபால் ஆள். காலையில் ஆபீசில் பையை வாங்கித் தோளில் போட்டுக்கொண்டு குறுக்குப் பாதையில் லிந்துலைக்கு இறங்குவான். தபால் கந்தோரில் கடிதங்களை வாங்கிப் பையைப் பூட்டிக்கொண்டு திரும்ப ஏறுவான். துரைக்கு, கிளாக்கருக்கு, லயத்து ஆட்களுக்கு என்று பிரித்துக் கொடுப்பான். மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன் எழுத்துப் படித்ததெல்லாம் கடித உறைகளில்தான். அதனால் ஊர்ப் பெயர்களை மடமடவென்று வாசிப்பான். மற்றதை எழுத்துக் கூட்டி, இழுத்து இழுத்துத்தான் வாசிப்பான். இத்தனை பேருக்குச் சுமந்தவனுக்கு அவன் பெயரில் வந்ததெல்லாம் தேர்தல் அட்டை மட்டும்தான்.

அவனுக்கு ஒரு கல்யாணம் கூடி வந்தது. ஹட்டன் பக்கம் பெண். தபால்காரர் என்றதும் பெண் வீட்டில் அரசாங்க உத்தியோகம் என்று நினைத்து உடனே சரி சொல்லிவிட்டார்கள். வெற்றிலை மாற்றப் போன அன்றைக்கு, காக்கிச் சட்டை எங்கே, சைக்கிள் எங்கே என்று மாமனார் கேட்டார். இவன், நான் தோட்டத்துத் தபால்தான், நடந்துதான் போவேன் என்றான். வெற்றிலை அப்படியே திரும்பி வந்தது. வழியில் அதைப் போட்டுக்கொண்டே வந்ததாக அவனே சொல்லிச் சிரிப்பான். அதற்கு மேல் அவன் பெண் பார்க்கப் போகவில்லை. போன் வந்து கடிதங்கள் குறைந்து, பை சப்பையாகி, அப்புறம் பை இல்லாமலே போய், அவனும் வயசாகிப் பென்ஷனில் உட்கார்ந்துவிட்டான்.

அவனுடைய காம்பராவுக்கும் செல்லசாமியின் காம்பராவுக்கும் நடுவில் ஒரே சுவர். பழைய லயங்களில் அந்த நடுச்சுவர் கூரை வரைக்கும் போகாது. கட்டினவன் கல்லை மிச்சம் பிடித்தானோ என்னவோ, தகரத்துக்குக் கீழே ஒரு முழம் இடைவெளி விட்டுத்தான் நிற்கும். ஒரு வீட்டில் மிளகாய் வறுத்தால் மறு வீட்டில் தும்முவார்கள். ஒரு வீட்டில் புருஷன் பெண்சாதி சண்டை என்றால் மறு வீட்டில் நியாயம் சொல்லுவார்கள். கந்தப்பனுக்குக் குடும்பம் என்று கிடைத்ததெல்லாம் அந்த ஒரு முழ இடைவெளி வழியாக வந்ததுதான்.

ஞாயிற்றுக்கிழமை தோறும் சந்தியில் இருக்கும் பைஸர் நானாவின் கடையில் அவன் பேப்பர் எடுப்பான். அதில் இரண்டு குறுக்கெழுத்து வரும். ஒன்று வாத்தியார்மாருக்கு. சேர மன்னன் யார், ஐந்தெழுத்து என்றெல்லாம் கேட்கும். கந்தப்பன் அந்தப் பக்கத்தில் மீன் வைத்து வெட்டுவான். மற்றது சிறுவர் பக்கத்தில் வரும் எளிய குறுக்கெழுத்து. அதில் ஒரு வேடிக்கை உண்டு. ஒரு வாரத்து விடை எல்லாம் ஒரே மாதிரி முடியும். இந்த வாரம் எல்லாம் 'டம்' என்று போட்டிருந்தால் குடம், படம், மடம் என்று போகவேண்டியதுதான். பாட்டுக்கு அடி கட்டுவது மாதிரி. பதினைந்து வயசுக்கு உட்பட்ட பிள்ளைகள் அனுப்பலாம், பரிசு உண்டு என்று அடியில் போட்டிருக்கும். கந்தப்பன் அதைப் பொருட்படுத்தியதில்லை. பென்சிலைக் காதில் செருகிக்கொண்டு சுவரைப் பார்த்து உட்காருவான்.

வீரம்மா இருந்த காலத்தில் அது ஒரு திருவிழா.

"தங்கச்சி! மண்ணுல செய்வாங்க, தண்ணி மொள்ளலாம். மூணெழுத்து. டம்முல முடியணும்."

"குடம்ணே!" அடுப்படியிலிருந்து பதில் வரும்.

"சாமியாருங்க இருக்கிற எடம்."

"மடம். இதெல்லாம் ஒரு கேள்வியா?"

"அப்பன்னா மாப்புளயக் கேப்போம். மாப்புள, பள்ளிக்கூடத்துல சொல்லிக் குடுப்பாங்க. மூணெழுத்து."

"அடி" என்பான் செல்லசாமி.

"அது ரெண்டெழுத்து, மாப்புள."

"எனக்கு அதத்தான் சொல்லிக் குடுத்தாங்க."

வீரம்மா சிரிக்கிற சிரிப்பில் அடுப்புச் சாம்பல் பறக்கும். செல்லசாமிக்கு எரிச்சலாகத்தான் இருக்கும். கவ்வாத்துக் கத்தியோடு ஒரு வாரம் முழுக்கத் தேயிலைச் செடியோடு மல்லுக்கட்டிவிட்டு வந்தவனுக்கு ஞாயிற்றுக்கிழமைதான் தூங்கக் கிடைக்கும். "ரெண்டு பேரும் பேப்பர்ல பரிசு வாங்கப் போறீங்க, மாலை கட்டி வைக்கவா?" என்று திரும்பிப் படுப்பான். மூன்று பேருக்கும் அது பழகிப்போயிருந்தது.

வீரம்மா போனபின் சுவரின் இரண்டு பக்கமும் ஊமையாகிவிட்டது. கந்தப்பன் இருமுவது கேட்கும். தேங்காய் துருவுவது கேட்கும். செல்லசாமி வேண்டுமென்றே பாத்திரத்தை டமார் என்று வைப்பான். பாதையில் எதிரே வந்தால் இருவரும் தேயிலைப் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொள்வார்கள். இப்படியே மழைக்காலம் ஒன்று போய், வெயில்காலம் ஒன்று போனது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை. செல்லசாமி விட்டத்தைப் பார்த்துப் படுத்திருந்தான். சுவருக்கு அந்தப் பக்கம் கந்தப்பன் தனக்குத்தானே வாசித்துக்கொண்டிருந்தான்.

"சின்னதா இருக்கும். வரிசையாப் போகும். சீனியத் தேடும். நாலெழுத்து. ம்புல முடியணும்." கொஞ்ச நேரம் யோசித்தான். "கரும்பு. ஆமா, கரும்புதான்." பென்சில் கீறுகிற சத்தம் கேட்டது.

செல்லசாமி பல்லைக் கடித்துக்கொண்டு கிடந்தான். முடியவில்லை. எழுந்து உட்கார்ந்துவிட்டான்.

"கரும்பு எங்கய்யா வரிசையாப் போகுது? எறும்பு!"

அந்தப் பக்கம் எச்சில் தொட்டு அழிக்கிற சத்தம் கேட்டது. பிறகு எழுதுகிற சத்தம். பிறகு, ஒன்றுமே நடக்காத மாதிரி அடுத்த கேள்வி வந்தது.

"ஆட்டுக்குத் தலையில இருக்கும். கொ...ன்னு ஆரம்பிக்குது."

"கொம்பு" என்றான் செல்லசாமி. சொல்லிவிட்டுப் படுத்துக்கொண்டான். கந்தப்பன் வேண்டுமென்றுதான் தப்பாகச் சொல்லித் தன் வாயைக் கிளறினானோ என்ற சந்தேகம் அவனுக்குக் கடைசி வரை தீரவில்லை.

அன்றிலிருந்து அது நடந்தது. ஞாயிற்றுக்கிழமை மட்டும், சுவருக்கு மேலே மட்டும். மாப்புள இல்லை, மச்சான் இல்லை. முறைப் பெயரே வாயில் வராது. கேள்வி, விடை, அவ்வளவுதான். கட்டம் நிரம்பியதும் அந்தப் பக்கம் பேப்பரை மடிக்கிற சத்தம் கேட்கும். மறுநாள் பாதையில் பார்த்தால் மறுபடி தேயிலைப் பக்கம் திரும்பிக்கொள்வார்கள். ஆனால் செல்லசாமிக்கு உள்ளுக்குள் தெரியும். காலையில் வேலைக்கு ஆள் எடுக்கும் பெரட்டில் பேர் கூப்பிட்டால் "ஆ" என்பதையும், வேலையை மேற்பார்க்கிற கண்டாக்கையா ஏசினால் கேட்டுக்கொள்வதையும், மகன் எப்போதாவது போனில் "சாப்பிட்டியாப்பா" என்று கேட்பதையும் விட்டால், ஒரு வாரத்தில் அவன் மனுஷனோடு பேசுகிற பேச்சு அது ஒன்றுதான். அது நின்றுபோனால் என்ன செய்வதென்று அவன் யோசித்ததில்லை. யோசிக்கப் பயம்.

போன வருஷம் கார்த்திகை மாதம். பனி தகரத்தில் சொட்டிக்கொண்டிருந்த ஒரு ஞாயிறு. 'லை'யில் முடிகிற வாரம் அது.

"சூரியன் வர்ற நேரம்."

"காலை."

"மரத்துல இருக்கும், காஞ்சா விழும்."

"இலை. இதக் கேக்க பேப்பர் வேணுமா?"

"தண்ணியில கெடக்கும். வாய் பெரிசு. மூணெழுத்து."

"கங்காணி."

அந்தப் பக்கம் க்ளுக் என்று ஒரு சத்தம் வந்து உடனே நின்றது. "லையில முடியணுமாம்."

"அப்ப முதலை."

கவலை வந்தது, கடலை வந்தது, இல்லை வந்தது. எல்லாம் வழுக்கிக்கொண்டு போனது. கந்தப்பன் அடுத்ததை வாசித்தான்.

"பொம்பளைங்க உடுத்துறது. ரெண்டெழுத்து."

செல்லசாமி வாயைத் திறந்தான். சொல் நாக்கு நுனிக்கு வந்துவிட்டது. வந்த இடத்தில் அப்படியே நின்றது. சிறுபிள்ளைகூடச் சொல்லிவிடும். அவன் சொல்லவில்லை. நீ போட வேண்டியதை நீயே சொல்லு என்று சுவரைப் பார்த்து இருந்தான். அந்தப் பக்கம் பென்சில் அசையவில்லை. தகரத்தில் சொட்டுகிற தண்ணீர் மட்டும் சொட்டிக்கொண்டே இருந்தது. வெகு நேரம் கழித்துப் பேப்பரை மடிக்கிற சத்தம் கேட்டது. ஒரு கட்டம் நிரம்பாமல் பேப்பர் மடிக்கப்பட்டது அதுதான் முதல் தடவை.

அடுத்த ஞாயிறு கேள்வி வரவில்லை.

செல்லசாமி காலையிலேயே தேத்தண்ணியை ஊற்றிவைத்துக்கொண்டு சுவரோரம் உட்கார்ந்துவிட்டான். கனைத்தான். சட்டி மூடியைக் கீழே போட்டான். அந்தப் பக்கம் ஆள் இருப்பது தெரிந்தது. கட்டில் கிறீச்சிட்டது. கேள்விதான் வரவில்லை. நல்லா வேணும், குத்தியிருக்கு, குத்தட்டும் என்று முதலில் நினைத்தான். மத்தியானமானதும் அந்த நினைப்பில் ருசி இல்லை. பகல் நீண்டுகொண்டே போனது. விறகைப் பிளந்தான், பிளந்ததை அடுக்கினான், அடுக்கியதைக் கலைத்து மறுபடி அடுக்கினான். அதற்கடுத்த ஞாயிறும் அப்படியேதான். அன்றைக்கு ஒரு தடவை அவனே சுவரைப் பார்த்து, "இன்னிக்கு எதுல முடியுதாம்?" என்று கேட்டுவிட்டான். கேட்டபிறகு வெட்கமாகிவிட்டது. பதில் இல்லை. கந்தப்பன் தூங்கினானோ, தூங்குகிற மாதிரி கிடந்தானோ.

அதற்கடுத்த ஞாயிறு மண்ணெண்ணெய் வாங்க பைஸர் நானாவின் கடைக்குப் போனான். பேப்பர் கட்டில் ஒன்றை உருவிப் பைஸர் நானா தனியாக வைத்திருந்தார்.

"இது கந்தப்பன்ட பேப்பர். ரெண்டு கெழமயா எடுக்க வரல்ல மனுசன். இண்டைக்கும் காணல்ல. நீங்க பக்கத்து வூடுதானே, கொண்டு குடுக்கிறதா?"

"நமக்கும் அவருக்கும் பேச்சில்ல நானா."

"பேச ஏலாட்டி பேசாதீங்க. குடுத்துட்டு வாங்க." அவர் கொத்தமல்லியை நிறுத்துக்கொண்டே சொன்னார். "அண்டைக்கு கடைசியா வந்த நேரம் பாத்தேன், மேசையத் தடவித் தடவித்தான் பேப்பரையே எடுத்தாரு. கண்ணு போயிட்டு போல. லயத்தில ஒருத்தருக்கும் தெரியாதா?"

செல்லசாமி மண்ணெண்ணெய்ப் போத்தலை மறந்துவிட்டுப் பேப்பரோடு நடந்தான்.

கந்தப்பனின் வாசலில் வந்து நின்றான். சாணம் மெழுகாத படி, ஓரத்தில் பாசி. கதவு ஒருக்களித்துக் கிடந்தது. பேப்பரை உள்ளே எறிந்துவிட்டுப் போனால் என்ன என்று யோசித்தான். எறிந்தால் மட்டும் அந்த மனுஷன் என்ன செய்வான், தடவிப் பார்ப்பானா? படியில் நின்றபடி கனைத்தான்.

"யாரு?" என்றது உள்ளே குரல். "பேச்சியம்மாவா? கதவுல மோதிக்காம வாத்தா, தண்ணி வாளி கெடக்கு."

"பேப்பர்" என்றான் செல்லசாமி.

உள்ளே கட்டில் கிறீச்சிட்டது. "அங்கயே வைச்சிரு."

"வச்சு?"

செல்லசாமி படியைப் பார்த்தான். பாதையில் யாராவது வருகிறார்களா என்று திரும்பிப் பார்த்தான். பிறகு காலைத் தூக்கி வைத்தான். உள்ளே போனதும் வாளியில் முட்டிக்கொண்டான். தண்ணீர் தளும்பி அவன் கால்களை நனைத்தது.

"சொன்னேன்ல" என்றான் கந்தப்பன்.

அவன் கட்டிலில் போர்வையைச் சுற்றிக்கொண்டு சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தான். ஆள் இளைத்துப் போயிருந்தான். கண்ணில் பால் படர்ந்த மாதிரி இருந்தது. அடுப்பில் நெருப்பு இல்லை. ஒரு தட்டில் பேச்சியம்மா கொண்டுவந்து வைத்த ரொட்டி பாதி கடித்துக் கிடந்தது. செல்லசாமி முதலில் அடுப்பை மூட்டினான். பேசுவதைவிட அது லேசாக இருந்தது.

"எப்பருந்து தெரியல?" என்று நெருப்பை ஊதிக்கொண்டே கேட்டான்.

"புரட்டாசியிலயே மங்கிருச்சு. நெழல் மாதிரித் தெரியும். எழுத்து ஓடும்."

"பொறகு எப்படி வாசிச்ச? போன மாசம் வரைக்கும் கேட்டியே?"

"எங்க வாசிச்சேன்? காலையில கடையிலருந்து வர்ற வழியில, சந்தியில நல்ல வெளிச்சம் இருக்குமில்ல, அங்க மூக்குக்கிட்ட வச்சு ஒண்ணொண்ணாப் பாத்து மனப்பாடம் பண்ணிக்கிட்டு வருவேன். வந்து இங்க உக்காந்து வாசிக்கிற மாதிரி ஒப்பிப்பேன். பென்சில் சும்மா கீறும். பொறகு அந்த வெளிச்சத்துலயும் தெரியாமப் போச்சு."

செல்லசாமி ஊதுகுழலைக் கீழே வைத்தான். அந்த மௌனத்துக்குச் சேலைதான் காரணம் என்று இத்தனை நாளும் தான் நினைத்துக்கொண்டிருந்ததை அவன் சொல்லவில்லை. பேப்பரைப் பிரித்தான். சிறுவர் பக்கத்தைத் தேடிப் பிடித்தான்.

"டேய், உனக்கு வாசிக்க வருமா?" என்றான் கந்தப்பன். குரலில் பழைய நையாண்டி கொஞ்சம் எட்டிப் பார்த்தது.

"வரும். கொஞ்சம் நேரமாகும்."

"எனக்கு வேற எங்கயும் போற வேலயில்ல."

அவன் எழுத்துக் கூட்டினான். வியர்த்தது. ஒரு கேள்வியை வாசித்து முடிப்பதற்குள் தேத்தண்ணித் தண்ணீர் கொதித்துவிட்டது. "ட்டியில முடியணும். ச...மை...க்...கும் பா...த்...தி...ரம்."

"சட்டி."

"பொ...ருள் வை...க்க. பொருள் வைக்க."

"பெட்டி. நீ இப்படி வாசிச்சா அடுத்த ஞாயிறு வந்துரும்."

"பொறுத்துக்க. ஆ...ண்...கள் உ...டு..." செல்லசாமி நிறுத்தினான். அந்த வரியை மனசுக்குள் முழுக்க வாசித்தபின்தான் வாய்விட்டுச் சொன்னான். "ஆம்பளைங்க உடுத்துறது. மூணெழுத்து."

கந்தப்பன் போர்வையை இழுத்துவிட்டுக்கொண்டான்.

"வேட்டி" என்றான். "அன்னிக்கு அதே கேள்விதான் வந்துச்சு, பொம்பளைங்களுக்கு. நீயும் சொல்லல, நானும் எழுதல."

"ஆமா."

"வாங்கத்தான் போனேன்."

செல்லசாமி பேப்பரிலிருந்து தலையைத் தூக்கவில்லை.

"லிந்துலையில நல்லதா இருக்காதுன்னு ஹட்டனுக்குப் போனேன். மட்டமானதப் போட்டா தங்கச்சி மேல போடுற மாதிரியா இருக்கும்? எனக்குச் சேல வாங்கிப் பழக்கமா? கடைக்காரப் புள்ள யாருக்குன்னு கேட்டுச்சு. எழவுக்குன்னு வாயில வரல. கல்யாணத்துக்கான்னு கேட்டுச்சு, தலைய ஆட்டிட்டேன். அது ஒவ்வொண்ணா விரிச்சுப் போடுது. ஜரிகைங்குது, முந்தானைங்குது. நானும் பாத்துக்கிட்டே நிக்கிறேன். என்னவோ நெசமாவே கல்யாணம் மாதிரி. கடைசியில ஒரு கிளிப்பச்ச எடுத்தேன். பஸ்ஸு வழியில மண்ணு சரிஞ்சு நின்னுருச்சு. சாயந்தரமாத்தான் தூக்குவீங்கன்னு நெனச்சேன், எப்பவும் அப்படித்தான? ரோட்டுல எறங்குறேன், எல்லாரும் குளிச்சிட்டு ஈரத்தலையோட எதுக்க வர்றாங்க. யாரு கண்ணுலயும் படாமத் தேயிலைக்குள்ள ஒதுங்கிட்டேன்."

அடுப்பில் ஒரு விறகு சரிந்தது. செல்லசாமி அதை எடுத்து உள்ளே தள்ளினான்.

"சேல என்னாச்சு?"

"அங்கதான் போனேன். மண்ணு மேல விரிச்சுப் போட்டேன். நாலு மூலையிலயும் கல்லு வச்சேன். இருட்டுற வரைக்கும் அங்கயே உக்காந்திருந்தேன். மறுநாள் காலையில போயி பாத்தா கல்லு மட்டும் இருக்கு."

"எவன்டா எடுத்தான்?"

"எவனோ. மாரியம்மன் கோயில் திருவிழாவுல ஒருத்தி கட்டிக்கிட்டு வந்தா. அதே கிளிப்பச்ச, அதே ஜரிகை. நான் என்னத்தக் கேக்க?"

"யாரு அவ?"

"சொல்ல மாட்டேன். நீ போயி சண்ட பிடிப்பே. அவளுக்கு நல்லாத்தான் இருந்துச்சு."

செல்லசாமிக்கு எங்கிருந்து வந்ததோ தெரியவில்லை, சிரிப்பு வந்துவிட்டது. அடக்கப் பார்த்தான், மூக்கு வழியாக வந்தது. கந்தப்பனும் சிரித்தான். சிரித்து, இருமி, நெஞ்சைப் பிடித்துக்கொண்டான்.

"இத அன்னிக்கே சொல்லித் தொலைக்க வேண்டியதுதான?"

"சொன்னா சேல எங்கன்னு கேப்பே. திருவிழாவுக்கு முந்தின்னா காணாமப் போச்சுன்னு சொல்லணும். பிந்தின்னா ஒருத்தி கட்டிக்கிட்டுத் திரியிறான்னு சொல்லணும். எத நம்பியிருப்ப?"

செல்லசாமி யோசித்தான். எதையும் நம்பியிருக்க மாட்டான். அது அவனுக்கே தெரியும். தேத்தண்ணியை ஊற்றிக் கந்தப்பனின் கையில் கோப்பையை வைத்து, விரல்களை மடக்கிவிட்டான். இத்தனை வருஷம் கூடவே இருந்த கோபத்துக்கு இனி உட்கார இடமில்லை. போகவும் தெரியாமல் அது வீட்டைச் சுற்றிக்கொண்டிருந்தது. சந்தோஷம் என்றும் சொல்ல முடியாது. வீணாகப் போன ஞாயிற்றுக்கிழமைகள்தான் ஒவ்வொன்றாக முன்னால் வந்து நின்றன.

மறுபடி பேப்பரை எடுத்தான். வாசித்தான். எளிய கேள்விதான், கோதுமை மாவில் சுடுவது, சம்பலோடு சாப்பிடுவது, மூன்றெழுத்து. பக்கத்தில் தட்டிலேயே பாதி கடித்துக் கிடந்தது. கந்தப்பன் நெற்றியைச் சுருக்கினான், உதட்டைப் பிதுக்கினான், தலையை ஆட்டினான். வரவில்லை. செல்லசாமி இன்னொரு தடவை வாசித்தான். அப்போதும் வரவில்லை.

அந்த வாரமே கந்தப்பனுக்கு நெஞ்சில் சளி கட்டி, ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு போனார்கள். அடுத்த பேப்பர் வருவதற்குள் முடிந்துவிட்டது. செல்லசாமிதான் கூடவே இருந்தான். ஆனால் அங்கே மூக்கில் குழாய், வாயில் பேச்சு இல்லை. எழவு சொல்லப் போனவனும் அவன்தான், குழிக்குள் முதலில் இறங்கியவனும் அவன்தான். இப்போது அந்தக் காம்பரா பூட்டிக் கிடக்கிறது. ஞாயிற்றுக்கிழமைகளில் செல்லசாமி பேப்பர் எடுக்கிறான். எழுத்துக் கூட்டி வாசிக்கிற வேகம் கொஞ்சம் கூடியிருக்கிறது.

கந்தப்பன் அவனிடம் கடைசியாகக் கேட்டது அன்றைக்கு, அந்த ரொட்டிக் கேள்வியில் மாட்டிக்கொண்டு நின்றபோதுதான். செல்லசாமி விடையைத் தானே சொல்லிவிடலாமா என்று வாயெடுத்தான். கந்தப்பன் கையை நீட்டித் தடுத்தான். தேத்தண்ணிக் கோப்பையைத் தடவிக் கட்டிலோரம் வைத்தான்.

"இப்படிப் பக்கத்துல மூச்சு விட்டுக்கிட்டு உக்காந்திருந்தா எனக்கு ஒண்ணும் ஞாபகம் வர மாட்டேங்குது, மாப்புள. உன் வீட்டுக்குப் போ. அங்கருந்து சத்தமா வாசி, நான் இங்கருந்து சொல்றேன். போகயில கதவச் சாத்திட்டுப் போ, குளுருது."